வருகைதரு கலைஞரின் முதல் மாணவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பல்கலைக்கழக நாடகத்துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஓர் இயக்குநரோ நடன அமைப்பாளரோ வந்து எங்கள் துறையில் மூன்று வாரம் தங்குகிறார். மாணவர்கள் ராப்பகலாக ஒத்திகை பார்க்கிறார்கள், கடைசி நாள் அரங்கம் நிறைகிறது, எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த வாரமே எல்லாம் பழையபடி. வந்தவர் சொல்லித்தந்த எதுவும் வகுப்பில் தங்குவதில்லை. இந்தப் பணத்துக்கு நிரந்தரமாக இன்னோர் ஆசிரியரையே போடலாமே என்று தோன்றுகிறது. வருகைதரு கலைஞரால் உண்மையில் என்ன பயன்? ஒத்திகைகளை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா?

எம்.

அன்புள்ள எம்.,

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்று வார மதிப்பூதியத்தை வைத்துக்கொண்டு ஒரு நிரந்தரப் பணியிடத்தை உருவாக்க முடியாது. இதை நிறுத்தினால் அது கிடைத்துவிடும் என்று நம்பவேண்டாம், பெரும்பாலும் இரண்டுமே போய்விடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. மாணவர்கள் வருகிறார்கள், கலைஞர் வருகிறார், பார்வையாளர்கள் வருகிறார்கள். அந்த மூன்று வாரமும் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? விடைத்தாள் திருத்திக்கொண்டு இருந்திருப்பீர்கள் என்பது என் ஊகம். கலைஞர் வந்ததும் துறை ஆசிரியர்கள் 'அப்பாடா' என்று ஒதுங்கிக்கொள்வது பல இடங்களில் வழக்கம்தான். மாணவர்கள் இரண்டு மூன்று ஆண்டில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். கலைஞர் இன்னும் சீக்கிரம் போய்விடுவார். இருக்கப்போகிறவர் நீங்கள் ஒருவர்தான். அப்படியென்றால் அவருடைய முதல் மாணவர் நீங்களாக இருக்கவேண்டும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1934ல் அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரியில் ஒரு கோடைக்கால நடனப் பள்ளி தொடங்கினார்கள். மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்லஸ் வைட்மன், ஹான்யா ஹோம் என்று நவீன நடனத்தின் பெரிய ஆட்கள் அத்தனை பேரும் அங்கே வந்து சொல்லித்தந்தார்கள். கற்க வந்தவர்களில் பெரும்பாலானோர் கல்லூரிகளில் உடற்கல்வி நடத்திக்கொண்டிருந்த ஆசிரியைகள். (நடனம் அன்று உடற்கல்வித் துறைக்குள்தான் ஒண்டிக்கொண்டிருந்தது. 1926ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடனத்தை முதன்முதலாகப் பட்டப்படிப்பாக்கியதும் அந்தத் துறைக்குள்ளேதான்.) அவர்கள் ஊர் திரும்பித் தங்கள் வகுப்புகளில் அதைச் சொல்லித்தந்தார்கள், அப்புறம் அந்தக் கலைஞர்களையே தங்கள் கல்லூரிக்கு அழைத்தார்கள். நடனக் குழுக்கள் கல்லூரி உடற்பயிற்சிக் கூடங்களில் ஆடியபடியே நாட்டைச் சுற்றின. 'ஜிம்னேசியம் சர்க்யூட்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. ஆசிரியைகள் கற்றுக்கொண்டதால் வந்த விளைவு இது.

ஹவாய் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். சீனாவிலிருந்து ஜிங்ஜு எனும் பீக்கிங் ஆப்பராக் கலைஞர்கள் வந்து தங்கி மாணவர்களைப் பழக்கினார்கள், கடைசியில் மாணவர்கள் ஆங்கிலத்தில் அதை மேடையேற்றினார்கள். அதை நடத்திக்காட்டியவர் அங்கே நிரந்தரப் பேராசிரியராக இருந்த எலிசபெத் விக்மன்-வால்சாக். அவரே நான்ஜிங்கில் ஷென் ஷியாவ்மெய்யிடம் அந்தக் கலையைக் கற்றவர். பிறகு அந்த ஆசிரியையே ஹவாய்க்கு வந்து சொல்லித்தந்தார். நம் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தங்கிக் கற்பித்தபோதும் அப்படித்தான். இசைக்கலைஞர்களான அவருடைய தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்திருக்கிறார்கள். அக்கா ஊர் திரும்பினாலும் அந்தச் சங்கீதம் அங்கேயே இருந்தது.

சரி, அறைக்குள் உட்கார்ந்து எதைப் பார்ப்பது? திருத்தும் விதத்தைப் பாருங்கள். ஒரு மாணவியின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாம் "சத்தமாப் பேசு" என்போம். அவள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவாள், சொல் இன்னும் தேயும். வந்தவர் அதைச் சொல்லமாட்டார். அவளைச் சுவரோரம் கூட்டிப்போய், இரண்டு கைகளாலும் சுவரைத் தள்ளிக்கொண்டே வசனத்தைச் சொல்லச் சொல்வார். மூச்சு அடிவயிற்றுக்கு இறங்கும், தோள் தளரும், குரல் தானாக வரும். கைகளை எடுத்த பிறகு எத்தனை வரி வரைக்கும் அது நிற்கிறது, விழுந்ததும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். செய்யாவிட்டால் அந்தக் குறிப்பாலும் பயனில்லை.

முடிவில் நிகழ்ச்சி இருந்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதத்தையும் தளர்த்தலாம். அழைப்பிதழ் அச்சான மறுநாளே பயிற்சி நின்று ஒத்திகை மட்டும் நடக்கும், நன்றாகச் செய்யும் நான்கு பேர் முன்னால் நிற்பார்கள், மற்றவர்கள் திரை இழுப்பார்கள். 1983ல் போலந்து நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கி கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது நாடகம் தயாரிப்பதையே நிறுத்தியிருந்தார். மூன்று ஆண்டு அங்கே ஆய்வுதான் நடத்தினார். அந்த அளவுக்கு உங்கள் துறைத்தலைவர் சம்மதிக்கமாட்டார், தெரியும். மூன்று வாரத்தை உடைத்து, முதலில் ஒரு வாரம் வெறும் வகுப்பு, ஒரு மாத இடைவெளி, பிறகு இரண்டு வாரம் என்றாவது கேட்டுப்பாருங்கள். இடைவெளியில் வகுப்பை நீங்கள் நடத்தியாக வேண்டியிருக்கும், அதுதான் வேண்டியதும். உடம்புக்கும் இது நல்லது. தினம் இரண்டு மணி நேரம் பழகிய கால்களை திடீரென்று ஆறு மணி நேரம் குதிக்கவிட்டால் கணுக்காலும் கெண்டைக்காலும்தான் முதலில் மாட்டும்.

வீடியோ விஷயம். எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அன்று அந்த மாணவர் செய்த தப்பும் சேர்ந்தே பதிவாகும். கை ஏன் தாமதமாக உயர்கிறது என்பது பதிவாகாது. நடன அசைவுகளைத் தாளில் எழுதிவைப்பதற்கான குறியீட்டு முறையை லாபன் என்ற நடன அமைப்பாளர் வெளியிட்டது 1928ல், நியூயார்க்கில் நடனக் குறியீட்டுக்கென்றே ஒரு நிறுவனம் வந்தது 1940ல். இத்தனைக்குப் பிறகும் ஒரு பழைய படைப்பை மாணவர்களுக்குச் சொல்லித்தர அதை ஆடிய ஒருவரை அனுப்புவதையே குழுக்கள் விரும்புகின்றன. ஒத்திகையில் கூடவே இருந்தவருக்கு வீடியோ நல்ல ஞாபகக் குறிப்பு, மற்றவர்களுக்கு வெறும் படம். இன்னொன்று, படைப்பின் உரிமை கலைஞருடையது. வகுப்பில் மட்டும் காட்ட எடுக்கிறீர்களா, மறுபடி மேடையேற்றவும் எடுக்கிறீர்களா, எத்தனை ஆண்டுக்கு என்பதை அவர் வருவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.