மாசா மாசம் காசு எப்படி வாங்கறது: ஆன்லைன் கடை சந்தாவுக்கு பேமெண்ட் கேள்வி பதில்

வணக்கமுங்க. நான் பெருந்துறைப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் யாவாரம். 2019ல இருந்து கடலெண்ணெய், தேங்காண்ணெய், நல்லெண்ணெய் மூணையும் மாசச் சந்தாவுல வெப்சைட் வெச்சு வித்துட்டு இருக்கறேன், நம்ம பக்கத்து யாவாரிக கொஞ்சம் பேருக்கு அவிய கடைல பேமெண்ட் செட் பண்ணியும் குடுத்திருக்கறேன். கேள்வி அனுப்புனவிய பாதிப்பேரு "எதுல கமிசன் கம்மி"ன்னுதான் ஆரம்பிச்சிருக்கீங்க. நான் அப்படிப் பாக்கறதில்லீங்க. வாங்கறவிய கைக்குக் காசு என்னைக்கு வருது, ஒவ்வொரு தடவையும் தொகை மாறுமா மாறாதா, இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி முடிவு தன்னால வந்துரும்.

ஊத்துக்குளி, நெய்: மாசம் ஒரு லிட்டரு நெய்யிங்க, ஒரே தொகைதான். கார்டு வெக்கறதா யூபிஐ வெக்கறதா?

யூபிஐ ஆட்டோபே மொதல்ல வெய்யுங்க. யூபிஐயை நடத்தற என்பிசிஐ 2020 ஜூலைல கொண்டு வந்தது. வாங்கறவிய ஒரே ஒரு தடவ பின் போட்டு ஒத்துக்கிட்டா போதும், அப்பறம் 15,000 ரூபா வரைக்கும் மாசா மாசம் தன்னால எடுத்துக்கும், எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி அவியளுக்கு மெசேஜ் போயிரும், வேண்டாம்னா அவிய போன்லயே நிறுத்திக்கலாம். நெய் வாங்கற வீட்டுல கிரெடிட் கார்டு இருக்குதோ இல்லியோ, யூபிஐ இருக்கும்.

கார்டு ரெண்டாவதா இருக்கட்டும், அது மட்டும்னு வெக்காதீங்க. 2021 அக்டோபர் 1ல ஆர்பிஐ ரூல் முழுசா அமலுக்கு வந்துச்சு, மொத தடவ ஓடிபி போட்டுப் பதிவு பண்ணாத கார்டுல தன்னால காசு எடுக்க முடியாதுன்னு. அன்னைக்கு என்ற கடைல சந்தா அத்தனையும் கார்டுலதான் இருந்துச்சு, ஒரே மாசத்துல எல்லாம் நின்னு போச்சு. கேட்வே கம்பெனிக்காரங்க, அதான் கடைக்கும் பேங்குக்கும் நடுவுல நின்னு காசு வாங்கித் தர்றவிய, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லலீங்க. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, லிங்க் அனுப்பி, மறுபடி சேத்தறதுக்குள்ள பொங்கலே வந்துருச்சு, அதுல திரும்பி வராதவிய நெறையப் பேரு. அதுல இருந்து யாரு கேட்டாலும் ரெண்டு வழியாவது வெய்யுங்கன்னுதான் சொல்றது.

கோயமுத்தூரு, பால்: தெனமும் வீட்டுக்குப் பால் போடறோமுங்க. ஒரு நாளைக்கு ஒரு லிட்டரு வேணும்பாங்க, ஒறம்பரை வந்தா ரெண்டும்பாங்க, ஊருக்குப் போனா வேண்டாம்பாங்க. இதுக்கு ஆட்டோபே சரிப்படுமா?

இது கொஞ்சம் விரிவாச் சொல்லோணும். ஆட்டோபேல தெனசரி எடுக்கற வசதி இருக்குது, ஆனா பாலுக்கு அதைப் போடாதீங்க. ஒவ்வொரு தடவ எடுக்கறதுக்கும் கேட்வே ஏதோ ஒரு சார்ஜ் போடுவாங்க, அறுவது எழுவது ரூபா பாலுக்கு அந்தச் சார்ஜ் முப்பது தடவ போச்சுன்னா உங்க லாபமே அதுல போயிரும். அதுவுமில்லாம தெனமும் "நாளைக்கு காசு எடுக்கப் போறோம்"னு மெசேஜ் போனா வாங்கறவியளுக்கும் எரிச்சல். முன்கூட்டியே 24 மணி நேரம் சொல்லோணும்ங்கறதால நைட்டு பத்து மணிக்கு "நாளைக்கு வேண்டாமுங்க"ன்னு சொன்னா தொகையும் மாத்த முடியாது.

பாலுக்கு முன்பணம் தாங்க சரி. வாங்கறவிய 1000 ரூபா, 2000 ரூபா உங்க கடைல போட்டு வெக்கட்டும், தெனமும் ஊத்துன பாலுக்கு மட்டும் நீங்க கழிச்சுக்குங்க, அன்னைக்கு ரெண்டு லிட்டருன்னா ரெண்டு லிட்டருக்கு, ஊருக்குப் போனா கழிக்கவே வேண்டாம். மீதி 200க்குக் கீழ வந்தா லிங்க் ஒண்ணு போகட்டும். முன்பணம் குடுக்கத் தயங்கறவியளுக்கு மாசக் கடைசில ஒரே தொகையா ஆட்டோபே, அதுலயும் குறிச்ச தொகைன்னு போடாம "அதிகபட்சம் இவ்வளவு"ன்னு ஒத்துதல் வாங்கோணும். மாசம் 2,200 வர்ற வீட்டுக்கு அதிகபட்சம் 3,500ன்னு வாங்குனா ஒறம்பரை வந்த மாசமும் தாங்கும். 15,000ன்னு போட்டுராதீங்க, அந்த நெம்பரை போன்ல பாத்தாலே பாதிப்பேரு பயந்துட்டு வெளிய போயிருவாங்க. அதிகபட்சம்னா என்ன அர்த்தம்னு பேமெண்ட் பக்கத்துலயே தமிழ்ல ரெண்டு வரி எழுதி வெய்யுங்க, "ஊத்துன பாலுக்கு மட்டும்தான் எடுப்போம், இதுக்கு மேல எப்பவும் எடுக்க மாட்டோம்"னு.

முன்பணம் வாங்குனா ஒண்ணு கட்டாயம். நிறுத்தறேன்னு சொன்னா மீதிக் காசு திரும்பப் போகோணும், ஒரு ரூபா பிடிக்காம. அதை மொதல்லயே எழுதி வெய்யுங்க.

திருப்பூரு, மளிகைப் பை: பனியன் கம்பெனில வேலை செய்யறவியளுக்கு மளிகை சந்தா போடறோம். அஞ்சாந்தேதி ஆட்டோபே, பாதிக்குப் பாதி பெயில் ஆகுதுங்க. கேட்வே மாத்தலாமா?

கேட்வே மேல தப்பில்லீங்க. உங்காளுகளுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை வாரக் கூலி, அஞ்சாந்தேதி அவிய அக்கவுண்டுல என்ன இருக்கும்? மாசச் சந்தாவை வாரச் சந்தாவா மாத்துங்க, ஞாயித்துக்கிழமை காலைல எடுங்க. 2,000 ரூபாயா ஒரே நாள்ல கேக்கறதும் 500 ஐநூறா நாலு வாரம் கேக்கறதும் அவியளுக்கு ஒண்ணில்லீங்க.

நேரமும் பாருங்க. 2025 ஆகஸ்ட் 1ல இருந்து ஆட்டோபே எல்லாம் கூட்டம் இல்லாத நேரத்துலதான் ஓடும், காலைல 10 மணிக்கு முன்னாடி, மத்தியானம் 1ல இருந்து 5 வரைக்கும், நைட்டு 9.30க்கு மேல. ஒரு தடவ பாத்துட்டு பெயில் ஆனா மூணு தடவதான் மறுபடி முயற்சி பண்ண முடியும். அந்த மூணையும் அன்னைக்கே தீத்துராதீங்க, கேட்வேல வசதி இருந்தா நாள் விட்டு வெய்யுங்க. மூணும் போச்சுன்னா சந்தாவை கேன்சல் பண்ணாம நிறுத்தி வெச்சுப்போட்டு, வாட்ஸப்ல பேமெண்ட் லிங்க் அனுப்பிப் பாருங்க, நெறையப் பேரு பொழுதோட கட்டிருவாங்க.

நாமக்கல், முட்டை: புரட்டாசி வந்தா பாதிப்பேரு கேன்சல் பண்ணீறாங்க, ஐப்பசில திரும்பி வர்றதில்லீங்க. பேமெண்டுல எதாவது பண்ண முடியுமா?

முடியும், நம்ம பக்கம் எல்லாரும் கோட்டை விடறதும் இதுலதான். அவிய முட்டையை வெறுத்துப் போகலீங்க, ஒரு மாசம் கவுச்சி வேண்டாம்கறாங்க, அவ்வளவுதான். கேன்சல் பட்டனுக்குப் பக்கத்துல "ஒரு மாசம் நிறுத்தி வெக்க"ன்னு ஒண்ணு வெய்யுங்க. ஒத்துதல் அப்படியே உசுரோட இருக்கும், மறுபடி பின் போட வேண்டியதில்ல. கேன்சல் பண்ணுனா ஒத்துதலும் போயிருது, திரும்ப வரோணும்னா அவிய மொதல்ல இருந்து எல்லாம் பண்ணோணும், அந்தச் சோம்பல்லதான் வர்றதில்ல.

ஆனா இதுக்கு முன்னாடி ஒண்ணை விசாரிச்சுக்குங்க, காசு எடுக்கற தேதி கணக்கை வெச்சிருக்கறது உங்க கடையா இல்ல கேட்வேயா? சில கேட்வேல சந்தாத் தேதி முழுசும் அவிய சர்வர்ல இருக்கும், உங்க கடைல நிறுத்துனாலும் அவியளுக்குத் தெரியாது, அங்க காசு எடுத்துரும். ஆரம்பத்துல என்ற கடைல இது நடந்துச்சுங்க. ஈரோட்டுல ஒரு அம்மா, மவன் வீட்டுக்கு மூணு மாசம் போறேன் நிறுத்தி வெய்யி கண்ணுன்னு சொன்னாங்க, நானும் கடைல நிறுத்திப்போட்டேன், எண்ணெய் போகல, ஆனா ரெண்டு மாசம் காசு மட்டும் போயிருக்குது. திருப்பிக் குடுத்தேன், நேர்ல போயி மாப்பு கேட்டேன். அவிய ஒண்ணும் சொல்லலீங்க, ஆனா அதுக்கப்பறம் ஆட்டோபேக்கு ஒத்துக்கவே இல்ல. அதனால கேட்வே வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க, பாதில நிறுத்த, தேதி மாத்த, தொகை மாத்த, ஒருத்தரு ரெண்டு சந்தா வெச்சுக்க, இந்த நாலும் உங்க கேட்வே எங்க கடை சாப்ட்வேரோட சேந்து பண்ணுமான்னு. வெப்சைட் கடை நடத்தற சாப்ட்வேரு வூகாமர்ஸ்ல சந்தாவுக்குன்னு கூடுதலாப் போடற பிளகின் போட்டிருந்தா, ஒவ்வொரு பேமெண்ட் வழியும் இதுல எதெதைத் தாங்கும்னு செட்டிங்ஸ்லயே காட்டும், பாருங்க.

கோபி, நாட்டுச் சர்க்கரை: எங்க கஸ்டமரு பூராம் வயசானவிய. ஆட்டோபேன்னா "என்ற அக்கவுண்டுல நீ கை வெப்பியா"ங்கறாங்க.

அவிய கேக்கறதுல ஞாயம் இருக்குதுங்க, வற்புறுத்தாதீங்க. சந்தாவுக்கு தன்னால காசு எடுத்தேதான் ஆகோணும்னு ஒண்ணும் கெடையாது. மாசம் பொறந்தா கடைல ஆர்டர் தன்னால உருவாகட்டும், வாட்ஸப்ல லிங்க் போகட்டும், அப்பச்சியோ பேரனோ கட்டுனா மூட்டை கிளம்பட்டும். வூகாமர்ஸ்ல கையால புதுப்பிக்கற முறைன்னு இதுக்கே இருக்குது. ஆறு மாசம் ஒழுங்கா பொருள் போச்சுன்னா சில பேரு அவியளே "தன்னாலயே எடுத்துக்க சாமி"ம்பாங்க.

பொள்ளாச்சி, தேங்காண்ணெய்: தேங்கா வெலை ஏறிப்போச்சு, பழைய சந்தாக்காரங்களுக்கு வெலை ஏத்தலாமுங்களா?

குறிச்ச தொகைக்கு ஒத்துதல் வாங்கியிருந்தா ஏத்த முடியாது, புதுசா வாங்கோணும். அதிகபட்சம்னு வாங்கியிருந்தா அதுக்குள்ள முடியும். முடியும்ங்கறதுக்காக சொல்லாம ஏத்தாதீங்க. நான் ஒரு மாசம் முன்னாடி சொல்லுவேன், "கொப்பரை வெலை இது, லிட்டருக்கு இவ்வளவு எச்சா ஆகுது, வேண்டாம்னா இங்க நிறுத்திக்குங்க"ன்னு. சொல்லி ஏத்துனா பெரும்பாலும் போறதில்லீங்க. வெலை ஆடற சரக்குக்கு மொத நாள்லயே அதிகபட்சம்னு வாங்கி வெய்யுங்க.

சென்னிமலை, பெட்ஷீட்டு: கஸ்டமரு கார்டு நெம்பரை எக்செல்ல எழுதி வெச்சிருக்கறோம், மூணு மாசத்துக்கு ஒருக்கா அதைப் போட்டு எடுத்துக்கலாமா?

இன்னைக்கே அழிச்சுருங்க. 2022 அக்டோபர் 1ல இருந்து கடைக்காரரு கார்டு நெம்பரை வெச்சுக்கவே கூடாது, கார்டு நெம்பருக்குப் பதிலா வர்ற டோக்கன்ங்கற மாத்து நெம்பரு மட்டும்தான், அதை கேட்வே பாத்துக்கும். அந்த பைலு இன்னொருத்தரு கைல கெடச்சா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

கரூரு, சாப்ட்வேரு: டெக்ஸ்டைல் யூனிட்டுகளுக்கு சாப்ட்வேரு, மாசம் 22,000 ரூபா. ஆட்டோபேல போகுமா?

15,000க்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் ஓடிபியோ பின்னோ கேக்கும். மியூச்சுவல் பண்டு, இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு பில் மூணுக்கும்தான் 2023 டிசம்பர்ல ஒரு லட்சம்னு ஏத்துனாங்க, சாப்ட்வேரு அதுல வராது. நீங்க ஈ-நாச் பாருங்க, கடன் தவணை எடுக்கறாங்கல்ல, அந்த வழி. நெட்பேங்கிங்லயோ டெபிட் கார்டுலயோ ஒருக்கா பதிவு பண்ணோணும், பேங்க் ஒத்துக்க சில நாள் ஆகும், அதனால மொத மாசக் காசைத் தனியா வாங்கிருங்க. காசு இல்லாம திரும்புனா அவிய பேங்க் அவியளுக்கு அபராதம் போடும், அதை மொதல்லயே சொல்லிருங்க.

திருப்பூரு, கொழந்தைத் துணி: சிங்கப்பூரு, துபாய்ல இருந்து கேக்கறாங்க, மூணு மாசத்துக்கு ஒரு செட்டு.

இண்டர்நேசனல் கார்டு வாங்குங்க. இந்த ஓடிபி ரூல் நம்ம நாட்டுல குடுத்த கார்டுக்குத்தான், வெளிநாட்டுக் கார்டுக்கு இல்ல. கேட்வேல இண்டர்நேசனலும் தனியா, அதுல சந்தாவும் தனியா அனுமதி வாங்கோணும், ரெண்டையும் கேளுங்க. பேபால் 2021 ஏப்ரல்ல இருந்து உள்நாட்டு யாவாரத்தை விட்டுருச்சு, வெளிநாட்டுல இருந்து வாங்கறதுக்கு இருக்குது. ஏற்றுமதி பண்ண வேணும்ங்கற ஐஇசி கோடு எடுத்துட்டீங்களா? இல்லீன்னா அது மொதல்ல.

கோயமுத்தூரு, காப்பித்தூள்: கேன்சல் பட்டனை கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சா ஆளு நிப்பாங்கன்னு வெப்சைட் பண்றவரு சொல்றாரு.

அந்த யோசனை வேண்டவே வேண்டாமுங்க. 2023 நவம்பர் 30ல மத்திய அரசு வெளியிட்ட விதில 13 ஏமாத்து வேலைகளைத் தடை பண்ணியிருக்குது, சந்தாப் பொறின்னு இதுவும் அதுல ஒண்ணு. சட்டத்தை விடுங்க, ஆட்டோபே நிறுத்த அவிய போன்லயே பட்டன் இருக்குது, நீங்க ஒளிச்சு வெச்சு என்ன பிரயோசனம்? அங்க நிறுத்துனா எதுக்குப் போனாங்கன்னு கூட உங்களுக்குத் தெரியாது. அங்க நிறுத்துன தகவல் தன்னால உங்க கடைக்கு வர்ற மாதிரி கேட்வேல ஒரு செட்டிங், வெப்ஹூக்னு பேரு, போட்டு வெய்யுங்க, இல்லீன்னா ஒத்துதல் செத்த பின்னாடியும் நீங்க தூள் பேக் பண்ணி அனுப்பீட்டு இருப்பீங்க.

அவிநாசி: கேஷ் ஆன் டெலிவரி?

மொதப் பொட்டிக்கு மட்டும், ருசி பாக்கறதுக்கு. சந்தாவுக்கு வேண்டாமுங்க, வீடு பூட்டியிருந்தா போக வர கூலி உங்க தலைல.

தாராபுரம்: யூபிஐக்கு கமிசனே இல்லீங்கறாங்க, கேட்வே மட்டும் ஏன் கேக்கறாங்க?

2020 ஜனவரில இருந்து யூபிஐக்கும் ரூபே டெபிட்டுக்கும் எம்டிஆர், அதாவது கடைக்காரருகிட்ட பிடிக்கற பேங்க் கமிசன், கெடையாதுங்கறது நெசம். சந்தாக் கணக்கை நடத்தித் தர்றதுக்கு கேட்வே வாங்கறது வேற, அதுக்கு 18 சதம் ஜிஎஸ்டியும் உண்டு. பதிவுக்கு எவ்வளவு, ஒவ்வொரு தடவை எடுக்கறதுக்கு எவ்வளவு, பெயில் ஆனாலும் உண்டான்னு மூணாப் பிரிச்சு எழுத்துல வாங்கிக்குங்க.

அன்னூரு: எல்லாம் செட் பண்ணிட்டேனுங்க, தொறக்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கோணும்?

அஞ்சு ரூபாய்க்கு தெனசரிச் சந்தா ஒண்ணு போடுங்க, உங்க போன்லயும் மச்சான் போன்லயும் வேற வேற பேங்க்ல சேருங்க. ரெண்டு நாள் ஓடட்டும். மூணாம் நாள் ஒரு அக்கவுண்டைக் காலி பண்ணி பெயில் ஆக விடுங்க, கடைல என்ன காட்டுது, மெசேஜ் போகுதான்னு பாருங்க. இன்னொரு போன்ல யூபிஐ ஆப்புக்குள்ள போயி நிறுத்துங்க, உங்க கடைல சந்தா நின்னுதான்னு பாருங்க. கடைசியா, காலி பண்ணுன அக்கவுண்டுல மறுபடி காசு போட்டு, அந்தச் சந்தாவை கடைல ஒரு வாரம் நிறுத்தி வெச்சுப்போட்டு, அந்த வாரம் காசு எடுத்ததா பேங்க் மெசேஜ் வருதான்னு பாருங்க. வந்துச்சுன்னா தொறக்காதீங்க, எனக்குப் போடுங்க.