டிரேக் நீரிணையைக் கடக்கும் முன் அறையை மாற்றுங்கள்

வாசகர் கேள்வி: எழுபது வயதான என் தாயாருடன் வரும் ஜனவரியில் அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து அண்டார்க்டிக் தீபகற்பத்துக்குப் பதினொரு நாள் கப்பல் பயணம் செல்கிறோம். சுமார் 170 பயணிகளை ஏற்றும் சிறிய கப்பல். ஆறாம் தளத்தின் முன்பகுதியில் பால்கனியுடன் அறை எடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு மலைப்பாதையில் பேருந்தில் சென்றாலே வாந்தி வரும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சைவ உணவுதான் சாப்பிடுவார். அவரால் சமாளிக்க முடியுமா? என்ன ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்?

சமாளிப்பார் என்றே நம்புகிறேன், ஆனால் அந்த அறையில் அல்ல. எனவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக, கப்பல் நிறுவனத்துக்கு எழுதி, மூன்றாம் அல்லது நான்காம் தளத்தில், கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில் இருக்கும் ஓர் அறைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். கப்பல் அலையில் முன்னும் பின்னுமாக எழுந்து விழும்போது அதிகம் உயர்ந்து தாழ்வது முன்முனையும் பின்முனையும்தான். பக்கவாட்டில் சாய்ந்தாடும்போது அதிகம் வீசப்படுவது மேல்தளங்கள். உங்கள் அறை இந்த இரண்டு அசைவுகளும் சேரும் இடத்தில் இருக்கிறது. கப்பலின் பக்கங்களில் உள்ள சமநிலைத் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைக்கும் என்றாலும், முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. கீழ்த்தள அறைகளில் பால்கனி இருக்காது, வட்டச் சன்னல்தான் இருக்கும். கடல் கொந்தளிக்கும்போது அதையும் இரும்பு மூடியால் அடைத்துவிடுவார்கள். ஆயினும் அறையின் விலை பெரும்பாலும் குறையும், அம்மாவும் உறங்குவார். குளிர்காற்றில் பால்கனியில் நிற்கும் நேரம் எப்படியும் சொற்பம்தான், ஏனெனில் பார்க்க வேண்டியவை எல்லாம் திறந்த மேல்தளத்திலிருந்தே நன்றாகத் தெரியும்.

கேப் ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்கும் இடையில் சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள திறந்த கடலே டிரேக் நீரிணை. இதைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். அந்தத் தென் அட்சக்கோடுகளில் காற்றையும் அலையையும் தடுக்க நிலமே இல்லாததால், இரண்டும் உலகைச் சுற்றி ஓடிவந்து இந்த இடுக்கில் நெருங்குகின்றன. சில பயணங்களில் அது ஏரிபோல அமைதியாக இருக்கும். சில பயணங்களில் சாப்பாட்டு மேசையில் தட்டு நில்லாது. எது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லை என்பதால், மோசமான நாளுக்கே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கப்பல் மாலையில் உஷுவாயாவை விட்டுப் புறப்பட்டதும் முதல் சில மணி நேரம் பீகிள் கால்வாயின் ஒதுங்கிய நீரில் செல்லும். ஆட்டம் இல்லாததால் பலர் மாத்திரை தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். நள்ளிரவை ஒட்டித் திறந்த கடல் தொடங்கும்போது அவர்கள் விழித்துக்கொள்வது குமட்டலோடுதான். வாந்தி தொடங்கிய பின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்குவதில்லை. ஆகவே மருந்து இரவு உணவுக்கு முன்பே உள்ளே சென்றிருக்க வேண்டும்.

எந்த மருந்து என்பதை உங்கள் குடும்ப மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். நம் ஊரில் பேருந்துப் பயணத்துக்கு வாங்கும் அவோமின் போன்ற புரோமெதசின் வகை மாத்திரைகள் நன்றாகத் தூக்கத்தை வரவழைப்பவை, முதியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியவை. ஏற்கெனவே அழுத்தக் குறைப்பு மாத்திரை உட்கொள்ளும் ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு ஆடும் தரையில் நடந்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைச் சக பயணிகள் பரிந்துரைப்பார்கள். அது மூன்று நாள் வேலை செய்யும், ஆனால் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னதாக ஒட்டப்பட வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தையும் உண்டாக்கலாம். கப்பலில் யாராவது அன்போடு ஒன்றைக் கொடுத்தால்கூட அம்மாவுக்கு ஒட்டிவிடாதீர்கள். எந்த மருந்தைத் தேர்ந்தாலும், அதை வீட்டில் ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்து அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிடுங்கள்.

அழுத்த மாத்திரைகளைப் பற்றி இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அவற்றில் சிறுநீரை அதிகமாக்கும் மருந்து ஏதேனும் சேர்ந்திருக்கிறதா? இருந்தால், வாந்தியால் நீர்ச்சத்து குறையும் நாளில் அதைத் தொடரலாமா என்பதும், கரையிறங்கும் நாளில் எந்த வேளையில் எடுப்பது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அண்டார்க்டிகாவில் கரையில் கழிப்பறை கிடையாது, திறந்தவெளியில் ஒதுங்கவும் அனுமதி இல்லை.

கடக்கும் இரண்டு நாளில் குமட்டலைவிட நான் அதிகம் அஞ்சுவது விழுந்து அடிபடுவதற்கே. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். அந்தப் பிடி கதவு நிலையில் இருக்கக் கூடாது, ஏனெனில் கனமான கதவு அறைந்து சாத்திக்கொள்ளும்போது விரல் நசுங்குவது கப்பல்களில் உண்மையாகவே நடக்கிறது. கடல் மோசமாக இருந்தால் அம்மா அன்று குளிக்க வேண்டாம், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளட்டும். கண்ணாடிக் குவளை, கைப்பேசி, தண்ணீர்க் குப்பி எதையும் மேசைமேல் வைக்காமல் இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள். தலை சுற்றினால் புத்தகத்தையும் கைப்பேசியையும் விட்டுவிட்டு, கண்ணை மூடி மல்லாந்து படுக்க வேண்டும், அல்லது நடுப்பகுதியில் உள்ள கூடத்தில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். உடல் உணரும் அசைவைக் கண்ணும் காணும்போது மூளையின் குழப்பம் குறைகிறது. வெறும் வயிறு நல்லதல்ல. உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும் கைவசம் இருக்கட்டும்.

சிறிய கப்பலின் பெரும் நன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய பல கப்பல்களில், கப்பலைச் செலுத்தும் அறைக்குள் பயணிகள் பகலில் சென்று நிற்கலாம். மூன்று மீட்டருக்கும் மேல் சிறகு விரியும் வாண்டரிங் அல்பட்ராஸ் பறவை, சிறகை அசைக்காமலே கப்பலோடு வருவதை அந்தக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குமட்டலையே மறந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தீபகற்பத்தை அடைந்ததும் வாழ்க்கை முற்றிலும் மாறிவிடும். நாளுக்கு இரண்டு முறை ஸோடியாக் எனப்படும் ரப்பர் படகில் பத்துப் பேர் வரை ஏற்றிச் செல்வார்கள். 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் பயணிகளைக் கரையிறக்கவே கூடாது. சிறிய கப்பலிலிருந்தும் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. எனவே உங்கள் கப்பலில் ஒரு பாதி கரையில் இருக்க, மறு பாதி படகில் பனிப்பாறைகளைச் சுற்றிவரும் முறை இருக்கும். படகில் ஏறும்போது மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்காமல், அவர் முன்கையை அம்மாவும், அம்மாவின் முன்கையை அவரும் பற்ற வேண்டும். இதை வீட்டிலேயே இருவரும் பழகிப் பாருங்கள். கரையில் கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்க வேண்டியிருக்கும். ரப்பர் காலணியைப் பல நிறுவனங்கள் கப்பலிலேயே தருகின்றன, அளவை முன்பே எழுதிக் கேளுங்கள். ஜனவரியில் குளிர் பெரும்பாலும் உறைநிலையை ஒட்டியே இருக்கும், எனவே தடித்த கோட்டைவிட நீர் புகாத கால்சட்டைதான் முக்கியம்.

பறவைக் காய்ச்சல் 2023-இல் தெற்கு ஜார்ஜியா தீவையும் அடுத்த ஆண்டு அண்டார்க்டிக் நிலப்பகுதியையும் எட்டியபின், கரையில் உட்காருவதற்கும் மண்டியிடுவதற்கும் பையைக் கீழே வைப்பதற்கும் தடை வந்துவிட்டது. முழங்கால் வலிக்கும் முதியவருக்கு இது பெரிய செய்தி. அம்மா களைத்தால் கரையில் அமர்ந்து இளைப்பாற முடியாது, அடுத்த படகில் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அப்படிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். படகுகள் தொடர்ந்து வந்துபோய்க்கொண்டிருக்கும். சில நாள் அவர் கரையிறங்காமல் படகுச் சுற்றில் மட்டும் கலந்துகொள்வதும் நிறைவான அனுபவமே.

உணவுக்கு, முட்டையும் மீனும் சேராத சைவம் என்பதை விளக்கமாக இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள், ஏறிய முதல் நாள் உணவக மேலாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். மின்கெண்டி, சிறு சாதம் வடிக்கும் குக்கர் போன்றவற்றை எடுத்துச் செல்லாதீர்கள். தீ அபாயம் கருதிக் கப்பலில் அவை பறிமுதல் செய்யப்படும்.

கப்பலில் மருத்துவர் ஒருவர் இருப்பார். அறுவை சிகிச்சை வசதி இராது. அவசரம் என்றால் கிங் ஜார்ஜ் தீவின் ஓடுதளத்திலிருந்து சிலியின் புந்தா அரினாசுக்கு விமானத்தில் கொண்டுசெல்ல வேண்டும், அதுவும் வானிலை இடம் கொடுத்தால்தான். ஆகவே மருத்துவ வெளியேற்றச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம் வேண்டும், அதில் அம்மாவின் இரத்த அழுத்தத்தை மறைக்காமல் குறிப்பிட்டிருக்கவும் வேண்டும். வழக்கமான மாத்திரைகளைப் பதினைந்து நாள் உபரியோடு, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

அறையை மாற்றித் தர நிறுவனம் மறுத்து, மருத்துவரும் குமட்டல் மருந்து எதுவும் பொருந்தாது என்று கூறினால், புந்தா அரினாசிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்தக் கிங் ஜார்ஜ் தீவுக்குப் பறந்து, அங்கே கப்பலில் ஏறும் பயணத்துக்கு மாற முடியுமா என்று விசாரியுங்கள். விலை கூடுதல், மூடுபனியால் விமானம் தாமதமாகவும் கூடும்; ஆனால் டிரேக் இராது.

அந்த மாற்றம் இல்லையென்றால், திரும்பும் வழியிலும் அதே நீரிணை காத்திருக்கிறது. ஐந்து நாள் அமைதியான நீரில் இருந்தபின் பலர் மருந்தை மறந்துவிடுகிறார்கள். கடைசிக் கரையிறக்கம் முடிந்த மாலையில், தீவுகளின் மறைவைக் கப்பல் எத்தனை மணிக்குத் தாண்டும் என்று பயணத் தலைவரிடம் கேட்டு, அதற்கு முன்பே அம்மாவுக்கு மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள்.