ஓடிபி சொன்ன பிறகும் நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

கேள்வி: நான் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கும் நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்துவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பியது. பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசிய ஒருவர், என் பாலிசி எண்ணையும் நான் செய்துகொண்ட அறுவை சிகிச்சையையும் பிசகாமல் சொல்லி, க்ளெய்ம் பாக்கி வந்திருப்பதாக நம்பவைத்து, ஓடிபி வாங்கி 48,000 ரூபாயை எடுத்துவிட்டார். ஓடிபி சொன்னது என் தவறு என்று நிறுவனமும் வங்கியும் கைவிரிக்கின்றன. எனக்கு வழி உண்டா?

– வாசகி, திருப்பூர்

பதில்: உண்டு. வங்கியைப் பொறுத்தவரை உங்கள் நிலை பலவீனமானதுதான். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, ஓடிபியைப் பகிர்ந்ததால் போன பணத்தை, வங்கிக்குத் தகவல் சொல்லும் நேரம் வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும். அதன்பின் போனதற்கே வங்கி பொறுப்பு. ஆனால் அந்த அந்நியரை நீங்கள் நம்பியதற்குக் காரணமே, நிறுவனம் காக்கத் தவறிய உங்கள் மருத்துவ விவரம்தான். வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஏ பிரிவு, உணர்திறன் மிக்க (sensitive) தனிப்பட்ட தகவலைக் காப்பதில் அலட்சியம் காட்டி ஒருவருக்கு இழப்பு உண்டாக்கிய நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்கிறது. வெறும் பெயரும் தொலைபேசி எண்ணும் கசிந்திருந்தால் இப்பிரிவு உதவியிருக்காது. மருத்துவப் பதிவுகளோ, எவை இத்தகைய தகவல் என்று சொல்லும், இச்சட்டத்தின்கீழ் வந்த 2011 விதிகளின் பட்டியலிலேயே இருக்கின்றன. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை, தீர்ப்பளிக்கும் அதிகாரியாகச் செயல்படும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் தாக்கல் செய்யலாம். போலி மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லைத் தந்துவிட்ட ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தருமாறு, இச்சட்டத்தின்கீழ் 2010-இல் ஒரு வங்கிக்கு உத்தரவிட்டவர் தமிழ்நாட்டின் அதிகாரிதான். உங்கள் மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டென்று பலர் நம்பிக்கையோடு எழுதுகிறார்கள். அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு தர அச்சட்டத்தில் இடமில்லை. அதோடு, 43ஏ பிரிவை நீக்கும் ஷரத்தும் அதிலேயே இருக்கிறது. 2025 நவம்பர் அறிவிக்கையின்படி அந்த நீக்கம் பதினெட்டு மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். எளியவர்களுக்கு இருந்த ஒரு வழியை இப்படி அடைப்பது அநீதி என்றே கருதுகிறேன்.

என்றாலும், 48,000 ரூபாய்க்காக நீங்கள் சென்னைக்கு அலைவதைவிட, உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் தருவதே நடைமுறைக்கு ஏற்றது. நீங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இணைய நிதி மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணில் இன்னும் புகார் பதியாவிட்டால் இன்றே பதிந்துவிடுங்கள். நிறுவனத்தின் மின்னஞ்சல், அழைப்பு வந்த எண், நேரம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, என்னென்ன விவரங்கள் எந்த நாளில் கசிந்தன என்று கேட்டு நிறுவனத்துக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடிதத்தின் நகலும் அது சேர்ந்ததற்கான சான்றும் உங்கள் புகாரோடு இணைக்கப்பட வேண்டியவை.