அகதிகளும் பணக்கார நாடுகளும்: கேட்டதும் சொன்னதும்

டொரோண்டோவில் அகதிகளை ஸ்பான்சர் செய்யும், அதாவது செலவை ஏற்றுக் கனடாவுக்கு அழைத்து வரும், குழுக்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவன் நான். பணக்கார நாடுகள் இன்னும் கூடுதலாக அகதிகளைச் சேர்க்க வேண்டுமா என்று பேச்சு எழுந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கோவை வாசகர்: உலகத்து அகதிகள் பாதிப்பேர் ஏற்கெனவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தானே இருக்கிறார்கள்?

இல்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்குப்படி 2023 முடிவில் வீடிழந்து ஓடியவர்கள் ஏறக்குறைய 11.7 கோடிப் பேர். அதில் பாதிக்கு மேல் சொந்த நாட்டின் எல்லையையே தாண்டவில்லை. தாண்டியவர்களிலும் நான்கில் மூன்று பங்கு ஏழை, நடுத்தர நாடுகளில்தான். பெரும்பாலோர் போவது பக்கத்து நாட்டுக்கு. உகாண்டாவில் 15 லட்சத்துக்கு மேல். அங்கே வேலை செய்யும் உரிமை உண்டு, பயிர் செய்யத் துண்டு நிலமும் கொடுக்கிறார்கள்.

மதுரை, கல்லூரி மாணவர்: முறைப்படி விசா எடுத்து வராமல் ஏன் சார் படகில் வருகிறார்கள்?

எந்த விசா? "எனக்கு உயிராபத்து, புகலிடம் கொடுங்கள்" என்று தூதரகத்தில் போய்க் கேட்க அநேகமாக எந்த நாட்டிலும் விசா கிடையாது. அந்த நாட்டு மண்ணில் கால் வைத்த பிறகுதான் கேட்கலாம். கால் வைக்கவோ விசா வேண்டும். விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம், அதனால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பது காசு வாங்கிக்கொண்டு கள்ளத்தனமாக ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரனும் கடலும்தான். 1951 அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டால், அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 31ஆம் பிரிவு சொல்கிறது.

ஒழுங்கான வழி ஒன்று உண்டு, மீள்குடியமர்த்தல். முகாமிலேயே ஆளைத் தேர்ந்து, சோதித்து, விமானத்தில் கூட்டி வருவது. ஆனால் ஆண்டுக்கு நூறு அகதிகளில் ஒருவருக்குக்கூட அது கிடைப்பதில்லை. முன்வாசலைப் பூட்டி வைத்துவிட்டு ஏன் சுவரேறிக் குதிக்கிறாய் என்றால் என்ன செய்வான்?

டொரோண்டோ ஸ்காபரோவிலிருந்து ஓர் ஈழத்து அண்ணர்: நாங்கள் வந்தது உயிருக்குப் பயந்து. இப்ப வாறவை எல்லாம் பொருளாதார அகதிகள்தானே?

அண்ணை, இதே வசனத்தை எங்களைப் பார்த்தும் சொன்னவை. 1986 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர். மீனவர்கள்தான் கண்டு காப்பாற்றினவை. இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். ஜெர்மனியிலிருந்து கப்பல் ஏறியது பிறகு வெளியில் வந்தது, பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கி எழுதின. அப்படியிருந்தும் அரசு தங்கவிட்டது. 2010இல் சன் சீ என்ற கப்பலில் கனடா வந்த 492 ஈழத்தமிழருக்கோ மாதக்கணக்கில் தடுப்புக்காவல். பொய் கேசும் இருக்கத்தான் செய்கிறது. அதைப் பிரிக்கத்தான் விசாரணையும் தீர்ப்பாயமும்.

திருப்பூர் வாசகி: உள்ளூர்க்காரர்களின் கூலி குறையாதா?

பொருளாதார அறிஞர்களே அடித்துக்கொள்ளும் இடம் இது. 1980இல் கியூபாவிலிருந்து ஏறக்குறைய 1,25,000 பேர் சில மாதங்களில் ஃபுளோரிடாவில் வந்து இறங்கினார்கள், பாதிப்பேர் மயாமியில் தங்கினார்கள். கூலி பெரிதாகக் குறையவில்லை என்று டேவிட் கார்ட் எழுதினார்; பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களுக்குக் குறைந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். எனக்குக் கார்ட் பக்கம் சாய்வு.

துபாய் வாசகர்: வளைகுடா நாடுகளும் பணக்கார நாடுகள்தானே?

நியாயமான இடி. அவை உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அங்குள்ள சிரியர்கள் வேலை விசாக்காரர்கள். வேலை போனால் விசாவும் போகும்.

சென்னை வாசகர்: 2015இல் ஜெர்மனி கதவைத் திறந்தது தோல்விதானே?

வந்தது ஏறக்குறைய 9 லட்சம். அவர்களில் வேலைக்குப் போகும் வயதுள்ளவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இன்று வேலையில் இருக்கிறார்கள். பெண்களின் விகிதம் மட்டும் வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது. வேலைக்கணக்கில் அது தோல்வி இல்லை. அரசியலில் விலை கொடுத்தார்கள்: குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி 2025 தேர்தலில் 20 சதவீதம் தாண்டி இரண்டாம் இடம் வந்தது. என் கருத்தில் எண்ணிக்கையைவிட முக்கியம், வந்தவரை எப்போது வேலைக்கு விடுகிறீர்கள் என்பது. பிரிட்டனில் புகலிடம் கேட்டவர் ஓராண்டு காத்திருந்துதான் வேலைக்கு அனுமதியே கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு. பிறகு "அரசுப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்" என்று அவனையே திட்டுவது.

சேலம் வாசகர்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், கூடுதலாகச் சேர்க்க வேண்டுமா?

வேண்டும். முக்கியமாக மீள்குடியமர்த்தலில். 1979, 80இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து கனடா 60,000 பேரைக் கூட்டி வந்தது. பாதிக்கு மேல் பொதுமக்கள் குழுக்கள் செலவேற்றவர்கள். அப்போது இந்த நாட்டின் மக்கள்தொகை இரண்டரைக் கோடிகூட இல்லை. அமெரிக்காவோ 2026 நிதியாண்டுக்கு வைத்த உச்சவரம்பு 7,500 பேர்தான். இதற்குக் காரணம் இடமின்மை என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு தங்கை: ஐந்து பேர் சேர்ந்தால் எங்களைக் கனடாவுக்கு எடுக்கலாமாம். ஒருவர் காசு கேட்கிறார். குடுக்கலாமா அண்ணா?

குடுக்காதேங்கோ தங்கச்சி. கனடாவில் இருக்கிற ஐந்து பேர் சேர்ந்து அகதியை ஸ்பான்சர் பண்ணும் 'ஐந்து பேர் குழு' என்று ஒரு திட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் 2024 நவம்பரில் அந்த வகைக்குப் புதிய விண்ணப்பம் எடுப்பதை அரசு நிறுத்திவைத்தது. திரும்பத் திறந்தாலும் ஐ.நா. அல்லது நீங்கள் இருக்கிற நாட்டு அரசு உங்களை அகதியாக ஏற்றதற்கான பத்திரம் கேட்பார்கள். ஸ்பான்சர் பண்ண அகதியிடம் காசு வாங்குவது இங்கே தடை. இப்ப காசு கேட்கிறவர் எந்தக் குழுவின் பெயரைச் சொல்கிறார் என்று எழுதுங்கோ, அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.