4 அடி இடைவெளி பர்லினில் ஜிப்சம் போர்டு நேரடியாக அடிக்கலாமா?

சார், ராயபுரம் மொட்டை மாடி ரூமில் ஷீட்டைத் தாங்கும் இரும்பு பர்லின் 4 அடிக்கு ஒன்றுதான் இருக்கிறது, ஃபால்ஸ் சீலிங்குக்கு 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டை அதிலேயே ஸ்க்ரூ போட்டால் போதும் என்று கார்பென்டர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். நடுவில் தாங்க ஆள் இல்லாத போர்டு நனைந்த அப்பளம் மாதிரி தொங்கிவிடும், ஜாயின்ட் எல்லாம் விரியும்.

போர்டுக்கு 18 அங்குலத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும். ஒவ்வொரு பர்லினிலிருந்தும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆங்கிள் தொங்கவிட்டு, அதில் இன்டர் சேனலை (சீலிங் முழுவதையும் தாங்கும் முதன்மைச் சட்டம்) லெவல் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். இன்டர் சேனல் 4 அடிக்கு ஒன்று போதும், உங்கள் பர்லின் கணக்கும் அதுதான்! அதற்குக் குறுக்கே, போர்டை ஸ்க்ரூ போடும் சீலிங் செக்‌ஷன், சென்டருக்கு சென்டர் 18 அங்குலம், கிளிப் போட்டு. 6 அடி போர்டைச் செக்‌ஷனுக்குக் குறுக்கே வைத்தால் இரண்டு முனையும் சரியாக செக்‌ஷன் மேலேயே உட்காரும். ஸ்க்ரூ 25 மி.மீ., சுமார் 9 அங்குலத்துக்கு ஒன்று. ஜாயின்ட்டை ஒரே கோட்டில் விடாதீர்கள்.

காசிமேட்டுக் கடல் காற்று பட்டால் தரம் குறைந்த சேனல் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஃபேன் கொக்கி தனியாக பர்லின் இரும்பிலிருந்தே வரட்டும்.

ஷீட் ஆஸ்பெஸ்டாஸா? அப்படியென்றால் அதில் துளையே போடாதீர்கள், தூசி நுரையீரலுக்கு ஆபத்து. ஒழுகல் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். ரூமின் நீள அகலம் போடுங்கள், எத்தனை சேனல் என்று கணக்குச் சொல்கிறேன்.