குதிரை ஏறத் தெரியாத கௌபாய்

கேள்வி: மௌனப் படக் காலத்து முதல் கௌபாய் நட்சத்திரம் யார்? நிஜத்திலும் மாடு மேய்த்தவர்தானா?

பதில்: அட, அதெல்லாம் இல்லை. 'பிராங்கோ பில்லி' ஆண்டர்சன். இயற்பெயர் மேக்ஸ் ஆரன்சன். 1880-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் பிறந்தவர். 1903-ல் வந்த 'தி கிரேட் ட்ரெயின் ராபரி'யில் சின்னச் சின்னதாக மூன்று வேடம் போட்டார். அதில் ஒன்று, ரயிலிலிருந்து இறங்கித் தப்பி ஓடும்போது சுடப்பட்டுச் செத்து விழும் பயணி. "குதிரை ஓட்டுவாயா?" என்று கேட்டபோது தலையாட்டிவிட்டு, ஏறியதும் கீழே விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் 1907-ல் ஜார்ஜ் ஸ்பூருடன் சேர்ந்து சிகாகோவில் படக் கம்பெனி தொடங்கினார். இருவர் பெயரின் முதலெழுத்துகளான எஸ், ஏ சேர்ந்து 'எஸ்ஸனே' ஆனது. 1915-ல் சாப்ளின் நடித்ததும் அங்கேதான். கலிபோர்னியாவின் நைல்ஸ் என்ற சிற்றூரில் முகாமிட்டு, எழுதி, இயக்கி, நடித்துக் குறும்படங்களாக எடுத்துத் தள்ளினார், கணக்கு நூற்றுக்கணக்கில். முரடன், ஆனால் மனசு தங்கம், இதுதான் அவற்றில் அவர் நடித்த கௌபாய் பில்லி.

1916-ல் தன் பங்கை விற்றார். பிறகு உலகம் அவரை மறந்தேபோனது. 1958-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது அவருக்கு வயது 78. 1971-ல் காலமானார்.