செயற்கைக்கோள் படத்தில் அணை நிறைந்து தெரிகிறது, நாற்று விடலாமா?

கேள்வி: எங்கள் வயல் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் அணையைப் பார்த்தால் கரை முட்டத் தண்ணீர் தெரிகிறது. இதை நம்பி நெல் நாற்று விடலாமா?

பதில்: அந்தப் படத்தை நம்பி விடாதீர்கள். வரைபடச் செயலியில் தெரிவது பெரும்பாலும் பழைய படம். மேகமில்லாத நாட்களில் எடுத்தவற்றைச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் மாறியிருக்காது. நாற்று காய்ந்துபோனால் விதையும் உழைப்பும் சேர்ந்தே போய்விடும் என்பதால் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தேதி போட்ட படம் இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் உங்கள் அணையைத் தேடி, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுத்துப் பாருங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை புதிய படம் வரும். 10 மீட்டர் அகலம் வரை பிரித்துக் காட்டும். சாதாரண நிறத்தை விட, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி சேர்ந்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் அந்த ஒளியை உறிஞ்சிவிடுவதால் கறுப்பாகவும், பயிர் நல்ல சிவப்பாகவும் தெரியும். கரை எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் இருக்காது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ஆகாயத்தாமரை மூடியிருந்தால் அதுவும் சிவப்பாகத் தெரிந்து, தண்ணீர் சுருங்கியதுபோல் காட்டும்.

அடுத்து, சாதாரண நிறப் படத்துக்கு மாறி, கரையோரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீருக்கும் பச்சைக்கும் நடுவில் வெளிறிய பட்டை ஓடினால் மட்டம் இறங்கியிருக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் மீட் ஏரி 2022 ஜூலையில் கொள்ளளவில் 27 சதவீதத்துக்கு இறங்கியபோது, முன்பு மூழ்கியிருந்த கரையில் படிந்த தாதுக்கள் விண்வெளிப் படத்தில் வெளிர் விளிம்பாகவே தெரிந்தன. அப்புறம், ஆறு உள்ளே நுழையும் தலைப்பகுதி. அங்கே மணல்திட்டுகள் வெளிப்பட்டிருந்தால் நீர் குறைந்துவிட்டது. செம்மண் நிறத்தில் கலங்கிய நீர் நாக்கு நீட்டியிருந்தால் புதுவரத்து வருகிறது. நான் முதலில் பார்ப்பது இந்தத் தலைப்பகுதியைத்தான். அணைச்சுவர் பக்கம் ஆழம் அதிகம், மாற்றம் அங்கே எளிதில் தெரியாது.

இவ்வளவு பார்த்தாலும் படம் காட்டுவது பரப்பை மட்டும்தான். அணையின் உட்புறம் புனல் வடிவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு பாதியாகும்போது உள்ளே இருக்கும் நீர் பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். கரை செங்குத்தான அணைகளில் இன்னும் ஏமாற்றம்: மட்டம் நன்றாக இறங்கியும் பரப்பு அவ்வளவாகக் குறையாது. அடியில் வண்டல் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதும் மேலிருந்து தெரியாது. அதனால் அணை நிர்வாகம் வெளியிடும் நீர்மட்டத்தையும் இருப்பையும் பக்கத்தில் வைத்துத்தான் படத்தைப் படிக்க வேண்டும்.

சரி, முடிவுக்கு வருவோம். போன ஆண்டு இதே வாரத்துப் படத்தையும் தண்ணீர் கடைமடை வரை வந்த ஓர் ஆண்டின் படத்தையும் இன்றையதோடு ஒப்பிடுங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படம் எடுத்து வருவதால் பழைய ஆண்டுகளுக்குப் பஞ்சமில்லை. மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும்; பலத்த காற்றில் அலையடிக்கும் நாளில் மட்டும் நீர்க்கரை மங்கும்.

இரண்டு வாரமாகப் பரப்பு கூடிக்கொண்டே வந்து, இருப்பும் ஏறி, மதகு திறக்கும் தேதியும் உறுதியானால் நாற்று விடுங்கள். பரப்பு நின்றுவிட்டாலோ சுருங்கினாலோ, கிணற்று நீர் எட்டும் அளவுக்கு மட்டும் குறுகிய கால நெல் ரகம் வைத்து, மீதி நிலத்தில் பயறு விதையுங்கள்.